ஷூரிட்டிக் கையெழுத்து: போடும் முன்னும் போட்ட பின்னும்

நெய்வேலியில் ஷூரிட்டி என்ற சொல்லைக் கேள்விப்படாத வீடு இருக்காது. கடன் சொசைட்டியில் லோன் போடுகிறவருக்குச் சக ஊழியர் கையெழுத்துப் போடுவதும், வாங்கியவர் கட்டாமல் விட்டால் போட்டவர் சம்பளத்தில் பிடித்தம் விழுவதும், அதனால் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொள்வதும் டவுன்ஷிப்பில் பழகிப்போன கதை. அந்தப் பழக்கத்தில்தான், "அண்ணே, கோர்ட்டுல ஒரு ஷூரிட்டி போடணும்" என்று யாராவது வாசலில் வந்து நின்றால், "எவ்வளவுக்கு?" என்று கேட்கிறோம். பத்தாயிரம் என்று பதில் வந்ததும், போனால் பத்தாயிரம்தானே என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

சொசைட்டியில் நீங்கள் கடனுக்குப் பொறுப்பு. கோர்ட்டில் ஆளுக்குப் பொறுப்பு. வாய்தா தேதியில் அந்த ஆள் கூண்டில் வந்து நிற்பார் என்று நீதிமன்றத்துக்கு நீங்கள் தரும் வாக்குதான் ஜாமீன். தொகை அந்த வாக்கு பொய்த்தால் வரும் தண்டம். ஆகவே கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பையன் இப்போது எங்கே தங்கப்போகிறான்? போன் செய்தால் எடுப்பவனா? வாய்தா அன்று காலையில் எழுப்பி பஸ் ஏற்றிவிட வீட்டில் ஆள் உண்டா? திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விட்டால், கூப்பிட்ட குரலுக்கு வருவானா? இவற்றுக்கு "தெரியாது" என்பது பதிலானால், தொகை ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் போடாதீர்கள். பதில் உறுதியாக இருந்தால் ஐம்பதாயிரத்துக்கும் தயங்க வேண்டியதில்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. ஜாமீன் பிரிவுகள் 478-இல் தொடங்குகின்றன. ஜாமீன்தாரரைப் பற்றியவை பெரும்பாலும் 485 முதல் 495 வரை. வக்கீல் குமாஸ்தாக்கள் இன்னும் "436", "439", "446" என்று பழைய எண்ணிலேயே பேசுவார்கள். குழம்ப வேண்டாம், சரக்கு ஏறக்குறைய அதேதான். உங்களுக்குப் பயன்படும் ஒரு மாற்றம் உண்டு. ஷூரிட்டியோடு எழுதும் முறியையும் (பாண்டு), ஷூரிட்டி இல்லாமல் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டும் எழுதும் முறியையும் புதிய சட்டம் தனித்தனியாக விளக்கிவிட்டது. உத்தரவில் சொந்த ஜாமீன் என்று மட்டும் இருந்தால், உங்களைத் தேடி யாரும் வர வேண்டிய அவசியமே இல்லை. யாராவது வந்தால், உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது

சின்ன அடிதடி, வாய்த்தகராறு போன்ற ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஸ்டேஷனிலேயே முடிந்துவிடும். டவுன்ஷிப் ஸ்டேஷனிலோ தெர்மல் ஸ்டேஷனிலோ ஒரு முறியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அதுவும் ஷூரிட்டிதான்; போலீஸ்காரர் நீட்டிய தாள் என்பதால் பொறுப்பு குறைந்துவிடாது. ரிமாண்ட் ஆகிவிட்டால் நடுவர் நீதிமன்றம், அங்கே தள்ளுபடியானால் கடலூர் செஷன்ஸ், அதற்கும் மேலே சென்னை உயர் நீதிமன்றம். உத்தரவு எங்கே கிடைத்தாலும் ஷூரிட்டி நிற்பது பெரும்பாலும் ரிமாண்ட் செய்த நடுவர் முன்னால்தான்.

உயர் நீதிமன்ற ஜாமீன் உத்தரவுகளில் ஏறக்குறைய அச்சடித்தது போல ஒரு வாசகம் வரும். பத்தாயிரம் ரூபாய்க்கு முறி எழுதித் தர வேண்டும், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் நிற்க வேண்டும், நடுவருக்குத் திருப்தியாக இருக்க வேண்டும். ஜாமீன்தாரர்கள் தங்கள் போட்டோவையும் இடது கைப் பெருவிரல் ரேகையையும் முறியில் பதிக்க வேண்டும். அடையாளத்துக்கு ஆதார் அல்லது வங்கி பாஸ்புக் நகலை நடுவர் வாங்கிக்கொள்ளலாம். சில உத்தரவுகளில், இருவரில் ஒருவர் இரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று இருக்கும்.

இதில் "அதே தொகைக்கு இரண்டு பேர்" என்ற இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பத்தாயிரத்தை இருவரும் ஆளுக்கு ஐயாயிரமாகப் பங்கு போட்டுக்கொள்வதாக நினைப்பு. அப்படி இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் பத்தாயிரம், நீங்கள் பத்தாயிரம், இன்னொருவர் பத்தாயிரம். மற்றவர் கட்டினாலும் கட்டாவிட்டாலும் உங்கள் பத்தாயிரம் உங்கள் தலையில்தான்.

கையெழுத்துப் போடும்போது பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. "டெபாசிட்டுக்கு" என்று யாராவது கேட்டால், உத்தரவில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

குவார்ட்டர்ஸ்காரரின் சிக்கல்

மற்ற ஊர்களில் ஷூரிட்டி போடுகிறவர் வீட்டு வரி ரசீதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். நெய்வேலியில் அது நடக்காது. டவுன்ஷிப்பில் வீடும் தெருவும் வேலியோர மரமும் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யுடையவை. முப்பது வருஷம் ஒரே வட்டத்தில் (பிளாக்கில்) குடியிருந்தவருக்கும் அந்த வீட்டின் பேரில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஆகவே நிரந்தர ஊழியர் சம்பளச் சான்று, கம்பெனி அடையாள அட்டை, ஆதார் ஆகியவற்றோடு போகிறார். இதை ஏற்பதும் மறுப்பதும் நடுவரின் திருப்தியைப் பொறுத்தது. முதல் நாளே வக்கீலிடம் கேட்டுவிடுவது நல்லது. சம்பளச் சான்று கேட்கும்போது எதற்கு என்று அலுவலகத்தில் சொல்லுங்கள். பணி விதிகளில் இதைப் பற்றி ஏதும் இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

கூட்டுறவு சொசைட்டி வழியாக வேலை பார்க்கும் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்றால் ஊரில் உள்ள சொத்துதான் கை கொடுக்கும். முத்தாண்டிக்குப்பம் பக்கம் கொஞ்சம் முந்திரித் தோப்பு, வடலூரில் ஒரு மனை, இந்திரா நகரில் அப்பா கட்டிய வீடு என்று இருந்தால் பட்டா, சிட்டா, வீட்டு வரி ரசீது, கிராம நிர்வாக அலுவலர் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொகை பெரிது என்றால் தாசில்தாரிடமிருந்து சொத்து மதிப்புச் சான்று கேட்பார்கள். அதை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேசை மாறிப் போவதால் நாளாகும். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்கள் குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் என்று வேறு வேறு வருவாய் வட்டத்தில் கிடக்கின்றன. சொத்து எந்த வட்டத்தில் இருக்கிறதோ அந்த தாசில்தார்தான் சான்று தர வேண்டும். ஜாமீன் மனு போடும் அன்றே இதற்கும் விண்ணப்பித்துவிட்டால், உத்தரவு வந்த பிறகு பையன் உள்ளே காத்துக் கிடக்க வேண்டியிராது.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். சுரங்கத்துக்காகக் கையகப்படுத்தப்பட்ட நிலத்தின் பழைய பட்டா பல வீட்டுப் பெட்டிகளில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. இழப்பீடு வாங்கியாகிவிட்டது, நிலம் கம்பெனிக்குப் போய்விட்டது, தாள் மட்டும் மிச்சம். நல்லெண்ணத்தில்கூட அதைக் கோர்ட்டில் நீட்டாதீர்கள். உங்களுக்கு இல்லாத சொத்தை இருப்பதாகச் சத்தியம் செய்தவராக ஆகிவிடுவீர்கள். மாற்றுக் குடியிருப்பு மனையிலும் பட்டா யார் பெயரில் இருக்கிறது, பெயருக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு பேசுங்கள்.

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட என்.எல்.சி. இயந்திரங்கள் இறங்கியதும், 28 அன்று பா.ம.க. நடத்திய முற்றுகைப் போராட்டம் கல்வீச்சிலும் தடியடியிலும் போய் முடிந்ததும், பலர் கைதானதும் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. அப்படி ஒரே நாளில் பலர் உள்ளே போகும்போது ஊரில் பட்டா உள்ளவர்களுக்குத் திடீரென்று மரியாதை கூடும். ஆளுக்கு இரண்டு ஷூரிட்டி என்றால் பத்துப் பேருக்கு இருபது கையெழுத்து. "பெரியப்பா, நம்ம தெருப் பசங்க எல்லாருக்கும் நீங்களே போட்டுடுங்க" என்பார்கள். 486-ஆவது பிரிவின்படி, இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறீர்கள் என்று விவரத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு மேல் நிற்கக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. மறைக்கக்கூடாது என்றுதான் சொல்கிறது. நான்கு பேருக்கு நின்றால் நான்கு பேரின் வாய்தாவும் உங்கள் காலண்டரில் ஏறும் என்பதை மட்டும் பெரியப்பா யோசித்துக்கொள்ள வேண்டும்.

கோர்ட்டில் அந்த நாள்

காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். முதல் ஷிப்டு முடிந்து போகலாம் என்று கணக்குப் போட்டால் அன்று வேலை நடக்காது. நைட் ஷிப்டு பார்த்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு போவதும் சரிப்படாது. லீவு போட்டுவிடுவதே மேல். அசல் ஆவணங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ கையில் இருக்கட்டும். வக்கீல் ஒரு பிரமாணப் பத்திரம் தயாராக வைத்திருப்பார். அவசரத்தில் "இங்க போடுங்க, இங்க போடுங்க" என்று விரலால் இடம் காட்டிக்கொண்டே போவார். அதை வாங்கி ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். சொத்து மதிப்பு என்ற இடத்தில் என்ன தொகை எழுதியிருக்கிறது? சர்வே எண் சரியா? வேறு யாருக்கும் ஜாமீன் நிற்கவில்லை என்று உங்களைக் கேட்காமலே தட்டச்சு செய்திருக்கிறார்களா?

பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நடுவர் கேட்பது நான்கைந்து கேள்விதான். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" "தங்கச்சி பையன்ங்க." "என்ன கேஸ் தெரியுமா?" "அடிதடிங்க ஐயா." "வாய்தாவுக்குக் கூட்டிட்டு வருவீங்களா?" "வருவேங்க." "வேற யாருக்காவது ஷூரிட்டி நின்னிருக்கீங்களா?" இந்த நான்காவது கேள்விக்குப் பிரமாணப் பத்திரத்தில் உள்ளதும் வாயில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நடுவர் தாமே விசாரிக்கலாம், போலீசையும் வருவாய்த் துறையையும் விட்டுச் சரிபார்க்கச் சொல்லலாம். ஆவணத்தின் அசலைக் கோர்ட்டே வைத்துக்கொண்டால் அதற்கு எழுத்தில் ஓர் ஆதாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

முறி ஏற்கப்பட்டதும் விடுதலை உத்தரவு கேப்பர் மலையில் உள்ள கடலூர் மத்திய சிறைக்குப் போகும். மாலை அடைப்புக்குள் போய்ச் சேராவிட்டால் மறுநாள் காலைதான். அவர் மேல் வேறு வழக்கு ஏதும் நிலுவையில் இருந்தால் அப்போதும் வெளியே வர மாட்டார். அதற்கும் உங்கள் கையெழுத்துக்கும் சம்பந்தமில்லை. உறவுக்காரர்கள் உங்களைக் கோபித்துக்கொண்டால் இதைச் சொல்லிப் புரியவையுங்கள்.

நிபந்தனைகள் இருந்தால் அவையும் முறியில் ஏறும். தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து, சாட்சிகளைக் கலைக்கக்கூடாது, தலைமறைவாகக்கூடாது என்று வழக்கமாக வரும். நிபந்தனையோடு வெளியே வருவது கடலூருக்குப் பழைய சங்கதி. 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டிய பாரதியார் வில்லியனூர் அருகே கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். டிசம்பரில் வெளியே விட்டபோது எங்கே வசிக்க வேண்டும், எழுதியதை யாருக்குக் காட்டிவிட்டு அச்சிட வேண்டும் என்றெல்லாம் விதித்துத்தான் விட்டார்கள். நம் காலத்துக் கண்டிஷன் கையெழுத்து அவ்வளவு கடுமையானதல்ல. சில வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனு போடலாம். தளர்த்தி உத்தரவு கைக்கு வரும் வரை ஒரு நாளும் விடாமல் போட வேண்டும். "மனு போட்டாச்சு மாமா, இனிமே போக வேணாமாம்" என்று பையன் சொன்னால் நம்பாதீர்கள்.

வாய்தாவுக்கு வரவில்லை என்றால்

ஒரு வாய்தா தப்புவதெல்லாம் சாதாரணமாக நடப்பது. காய்ச்சல், பஸ் பிரேக்டவுன், தேதியை மறந்துவிட்டது. அன்று காலையிலேயே வக்கீலுக்குத் தெரிந்தால், ஆஜராக முடியாததைப் பொறுத்துக்கொள்ளக் கோரி 355-ஆவது பிரிவில் மனு போட்டுவிடுவார். விஷயம் அத்தோடு முடியும். தெரியாமல் போனால் ஜாமீனில் விட முடியாத வாரண்ட் பிறக்கும். அப்போதும் ஆள் சட்டென்று கோர்ட்டுக்குப் போய் வாரண்ட் ரீகால் மனு போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். உங்கள் வேலை இந்த முதல் ஓரிரு நாளில்தான் இருக்கிறது. அதனால்தான் வக்கீலின் போன் எண்ணும் வழக்கின் சி.என்.ஆர். எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும் என்கிறேன். பதினாறு எழுத்தும் இலக்கமும் கொண்ட அந்த எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரிந்துவிடும். காசு கிடையாது. பையன் சொல்லும் தேதியை நம்பி இருக்கத் தேவையில்லை.

ஆள் நிஜமாகவே கம்பி நீட்டிவிட்டால் 491-ஆவது பிரிவு வரும். முறி மீறப்பட்டது என்று நீதிமன்றம் காரணத்தோடு பதிவு செய்யும். பிறகு உங்களுக்கு ஒரு நோட்டீஸ்: தொகையைக் கட்டுங்கள், அல்லது ஏன் கட்டத் தேவையில்லை என்று காரணம் சொல்லுங்கள். இந்த நோட்டீஸ் முறியில் நீங்கள் கொடுத்த முகவரிக்குத்தான் வரும். நெய்வேலிக்காரர்கள் சிக்குவது இங்கேதான். ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். ஆதாரில் பழைய வட்டம், பழைய கதவு எண். நோட்டீஸ் பூட்டிய கதவில் ஒட்டப்பட்டு, அடுத்து குடிவந்தவர் கிழித்துப் போட்டும் விடுவார். வழக்கு நிலுவையில் இருக்கும்போது குடி மாறினால் புது முகவரியைக் கோர்ட்டுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வக்கீல் ஒரு மெமோவாகத் தாக்கல் செய்வார்.

நோட்டீஸ் கிடைத்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். நேரில் போய் நடந்ததைச் சொல்லுங்கள். எங்கெங்கே தேடினீர்கள், யார் யாருக்குப் போன் செய்தீர்கள், போலீசுக்கு என்ன தகவல் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் காரணம்தான். தண்டத்தில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்குள் நீங்களே ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் அதைவிடப் பெரிய வாதம் வேறு இல்லை. உத்தரவு பாதகமாக வந்தாலும் 495-ஆவது பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது. நடுவர் போட்ட உத்தரவுக்கு செஷன்ஸ் நீதிமன்றம், செஷன்ஸ் போட்டதற்கு உயர் நீதிமன்றம்.

கட்டாமலும் பதில் சொல்லாமலும் இருந்தால், தொகையை அபராதம் வசூலிப்பது போல வசூலிப்பார்கள். ஜப்தி வரலாம், கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போலவும் வசூலிக்கலாம். அப்படியும் வசூலாகாவிட்டால் ஜாமீன்தாரரை ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்க உத்தரவிடலாம். "ஓடிப்போனவனுக்குப் பதிலா உன்னைப் பிடிச்சு உள்ளே போடுவாங்க" என்று டீக்கடையில் சொல்வது இதன் ஊதிப் பெருத்த வடிவம். அவன் குற்றத்துக்கான தண்டனை உங்களுக்கு ஒருபோதும் வராது. அவன் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈடும் உங்களைச் சேராது. உங்கள் எல்லை முறியில் உள்ள தொகை. ஓடியவனுக்கோ, ஜாமீனில் வந்து ஆஜராகாத குற்றத்துக்காகத் தனியாக ஓராண்டு வரை சிறையே உண்டு.

கழன்றுகொள்ளும் வழி

கையெழுத்துப் போட்டால் வழக்கு முடியும் வரை கட்டுண்டு கிடக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 489-ஆவது பிரிவின்படி எப்போது வேண்டுமானாலும், "என்னை விடுவியுங்கள்" என்று நடுவரிடம் மனு கொடுக்கலாம். நடுவர் குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்துவர வாரண்ட் போடுவார். அவர் வந்ததும், அல்லது தானாகச் சரணடைந்ததும், உங்கள் முறி ரத்தாகும். அவர் வேறு ஷூரிட்டி கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் உள்ளே போவார்.

கடைசி வாக்கியத்தால்தான் யாரும் இந்த வழியைத் தொடுவதில்லை. தங்கை மகனை நாமே உள்ளே அனுப்புவதா என்று மனசு கேட்காது. ஆனால் பையன் போனை மாற்றிவிட்டான், வீட்டுக்கு வருவதில்லை, புது சகவாசம் என்று தெரிந்த பிறகும் வாளாவிருந்தால், வாரண்டும் நோட்டீசும் சேர்ந்து வரும்போது மனசு கேட்காமல் விட்டதற்கான விலையை நீங்கள் தருவீர்கள். முதலில் தங்கையிடம் சொல்லுங்கள்: "பத்து நாள்ல வேற ஆள் பாரு, இல்லேன்னா மனு போட்டுடுவேன்." பெரும்பாலும் அந்தப் பேச்சிலேயே பையன் வழிக்கு வந்துவிடுவான். வக்கீலிடம் வாய்மொழியாகச் சொல்வது கணக்கில் சேராது. மனு கோர்ட்டில் ஏற வேண்டும். முறி பறிமுதலான பிறகு போட்டால் காலம் கடந்துவிடும்.

ஜாமீன்தாரர் இறந்துவிட்டால்? பறிமுதலுக்கு முன்பே இறந்திருந்தால் அவர் சொத்துக்குப் பொறுப்பு இல்லை. பிள்ளைகள் இறப்புச் சான்றைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டால் போதும்.

காசுக்கு ஷூரிட்டி

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் சொல்லியோ படங்களில் பார்த்தோ, ஜாமீன் போட ஒரு கம்பெனி இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே பல மாநிலங்களில் இருக்கிறது. ஜாமீன் தொகையில் வழக்கமாகப் பத்து சதவீதத்தைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு கம்பெனி முறி எழுதும். அந்தப் பணம் திரும்பாது. கூடக் கையெழுத்துப் போடும் உறவினர், ஆள் ஓடினால் முழுத் தொகையையும் கம்பெனிக்குத் தருவதாக ஒப்புக்கொள்கிறார். வீட்டையும் காரையும் ஈடு வைப்பதும் உண்டு. கென்டக்கி மாநிலம் 1976-லேயே இந்தத் தொழிலைத் தடை செய்தது. இல்லினாய் 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே எடுத்துவிட்டது. டெக்சாஸில் இருக்கும் மகன் நண்பனுக்காக இப்படிக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்றால், அது நம்மூர் ஷூரிட்டி அல்ல, கடன் பத்திரம் என்று சொல்லுங்கள்.

இந்தியாவில் அப்படிக் கம்பெனி கிடையாது. ஜாமீன்தாரருக்கு நஷ்டம் வந்தால் நான் தருகிறேன் என்று குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டார் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தையும் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி அது பொதுநலனுக்கு விரோதம். காரணம் எளிது. பணம் வந்துவிடும் என்று தெரிந்தால் ஆளைக் கூட்டிவரும் அக்கறை உங்களுக்கு இருக்காது. ஆகவே புரோநோட்டு, பிளாங்க் செக், நகை எதையும் வாங்கி வைத்துக்கொண்டு தைரியமாக இருக்காதீர்கள்; கோர்ட்டுக்குப் போனால் நிற்காது.

கோர்ட் வாசலில் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு ஷூரிட்டி நிற்கும் ஆட்கள் எங்கும் உண்டு. ஒரே ரசீதை ஊர் ஊராகக் காட்டுவார்கள். சிலருடைய ரசீதே போலி. போட்டோ, ரேகை, ஆதார் என்று இத்தனை கேட்பது இவர்களால்தான். ஆள்மாறாட்டம் செய்து ஜாமீன் நிற்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை. பிடிபட்டால் வெளியே வந்த பையனும் புது ஷூரிட்டி கொடுக்கும்வரை மறுபடி உள்ளேதான். காசு வாங்கிய இடைத்தரகர் அன்று கண்ணில் படமாட்டார்.

ஷூரிட்டியே கிடைக்காதவருக்கு

சுரங்க ஒப்பந்த வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் வழக்கில் மாட்டினால், அவருக்கு இங்கே யார் இரத்த சொந்தம்? 1978-இல் மத்தியப் பிரதேசத்தில் மோத்திராம் என்ற கொத்தனாருக்கு இதே கதி. பத்தாயிரம் ரூபாய் ஷூரிட்டி கேட்டார்கள். அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் தள்ளினார்கள். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்காமல், ஆயிரம் ரூபாய் சொந்த முறியில் அவரை விடச் சொன்னார். வேறு மாவட்டத்து ஷூரிட்டி என்பதற்காக மறுக்கக்கூடாது என்பது அன்றிலிருந்து சட்டம். நடைமுறை இன்னும் அந்தத் தீர்ப்பை முழுக்க எட்டவில்லை. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது: ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் முறி தர முடியாவிட்டால், நிபந்தனையைக் குறைக்கலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம், உள்ளூர் ஷூரிட்டி கேட்பது தாமதத்துக்குக் காரணமாகிறது. 2024 ஆகஸ்டில் கிரிஷ் காந்தி என்பவர் பதின்மூன்று வழக்கில் ஜாமீன் பெற்றும் அத்தனைக்கும் தனித்தனி ஷூரிட்டி தேட முடியாமல் நின்றார். ஒரே ஷூரிட்டிகளைப் பல வழக்குக்கும் ஏற்கும்படி நீதிபதிகள் கவாய், விஸ்வநாதன் அமர்வு உத்தரவிட்டது.

நடைமுறையில் செய்யக்கூடியவை இவை. ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஷூரிட்டி தர முடியாதவரை வசதியற்றவர் என்று கருதிச் சொந்த முறியில் விட வேண்டும். இது 478-ஆவது பிரிவு. தொகை அதிகம் என்றால் குறைக்கக் கோரி 484-இல் செஷன்ஸ் அல்லது உயர் நீதிமன்றத்தில் மனு. ஆள் இல்லை, பணம் இருக்கிறது என்றால் ஷூரிட்டிக்குப் பதில் ரொக்கமாகக் கட்ட 490-இல் அனுமதி கேட்கலாம். வழக்கு ஒழுங்காக முடிந்தால் அது திரும்ப வரும். இரண்டும் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், வக்கீலும் இலவசம். ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023-இல் தொடங்கிய திட்டத்தில் விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். போதைப்பொருள், பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு அது இல்லை.

தீர்ப்புக்குப் பிறகு

விடுதலை என்று தீர்ப்பு வரும் சமயத்தில் உங்களை மறுபடி கூப்பிடலாம். மேல்முறையீடு போனால் அந்த நீதிமன்றத்தில் ஆஜராவார் என்று 481-ஆவது பிரிவில் ஆறு மாதத்துக்குச் செல்லும் இன்னொரு முறி கேட்பார்கள். இது புதுக் கையெழுத்து. முன்பு நின்ற நீங்கள்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. விருப்பமில்லாவிட்டால் வேறு யாராவது நிற்கட்டும்.

கோர்ட்டில் அசல் ஆவணம் இருந்தால் திரும்பப் பெற மனு கொடுங்கள். தானாக வீட்டுக்கு வராது. தீர்ப்பின் நகல் ஒன்று, வழக்கு எண், முறி கொடுத்த தேதி மூன்றையும் பட்டா இருக்கும் கவரிலேயே போட்டு வையுங்கள். இனி யாருக்கு ஜாமீன் நின்றாலும் 486-இல் எழுதித் தரும் விவரத்தில் இந்த வழக்கும் வர வேண்டும், "முடிந்துவிட்டது" என்ற குறிப்போடு.